கொஞ்சம் தாமதமாக விழும் அடி

மெம்பிஸ்
மார்ச் 6, 1989

அன்புள்ள ஐடெல்லா அத்தைக்கு,

போனை டக்கென்று வைத்துவிடலாம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் "அத்தை, நான் வெர்னிதா, லெம்மோட மகள்" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை அவர் கண்ணை எடுத்துக்கொண்டது. இப்போது சிறுநீரகத்தில் கைவைத்திருக்கிறது. கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார். "அந்த டாக்டர் உன்ன வெளிய கூப்ட்டப்பவே புரிஞ்சுபோச்சுடி. கண்ணுதான் போச்சு, காது இருக்குல்ல" என்றார்.

அவர் கேட்பது ஒன்றுதான்: "டெல்லாக்காவ ஒருதடவ வரச்சொல்லு." பெல்மோர் இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அம்மாவின் சாவுக்குக்கூட வரவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவே என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அப்பாவை வாசலில் உட்கார வைத்திருந்தேன். ஜன்னலெல்லாம் அதிர ஒரு கார் வந்து முனையில் நின்றது. உள்ளே இந்தக் காலத்துப் பாட்டு. பாடுவதில்லை, பேசிக்கொண்டே போகிறார்கள். ஆனால் அடியில் ஓடிய டிரம்ஸ் அப்பா அந்தக் காலத்தில் அடித்தது. கார்னெல் ஹாப்ஸ் பாடிப் பேர் வாங்கிய அந்தப் பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். ஹாப்ஸின் குரலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். டிரம்பெட், சாக்ஸபோன் ஊதுகிறவர்களையும் எடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும்தான் மிச்சம். அந்த ரெக்கார்டின் உறையில் அவர் பெயர் அன்றும் கிடையாது, இதிலும் இருக்கப்போவதில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கார் போன பிறகு, "அது டெல்லா" என்றார். என்னப்பா சொல்கிறீர்கள் என்றால், "அவகிட்டயே கேளு" என்கிறார். அதனால் கேட்கிறேன்.

உங்கள்
வெர்னிதா


பெல்மோர், மிசிசிப்பி
மார்ச் 15, 1989

வெர்னிதா,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. ஆமாம், போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டத்தில் உன் அப்பன் பெயரைச் சொல்லித்தான் மண்டியிடுகிறேன். சபைக்கே தெரியும். ஆனால் வர மாட்டேன்.

"அது டெல்லா" என்றானா? அந்த வாய் இன்னும் அடங்கவில்லை. சரி, கேட்டாயே, சொல்கிறேன்.

மூன்று வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் மெலிந்து குட்டையாகிவிட்டது. நடந்தால் வலது கால் தரையில் விழும். இடது கால் இழுத்துக்கொண்டு, தன் நேரத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்து விழும். இந்த ஊர் என்னைக் குழந்தையிலிருந்து பார்த்த ஊர். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாகச் சபை வாசலில் நின்று ஆட்களை இடம் பார்த்து உட்கார வைப்பது நான்தான். என் காலை ஊர் மறந்தே போய்விட்டது என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தாறில் அந்தப் பாட்டு வந்தது. சபைப் பாட்டைத் தவிர நான் உலகப் பாட்டு கேட்கிறவள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் பலகைதானே, காதில் விழத்தான் செய்யும். ஒரு நாள் சாயங்காலம் மெம்பிஸ் ரேடியோவில் உன் அப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "தம்பி, இந்த அடி கொஞ்சம் லேட்டா வந்து விழுதே, ஆளையே சாய்க்குதே, எங்கருந்து புடிச்ச?" என்று கேட்டான் அந்த ரேடியோக்காரன். உன் அப்பன் சொன்னான்: "அதுவா? பெல்மோர்ல எங்க அக்கா ஐடெல்லா இருக்கு. அது நொண்டி நொண்டி நடந்து வரும் பாருங்க, அதான் இது." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இந்த மிசிசிப்பி டெல்டாப் பக்கம் முழுக்க அந்த ரேடியோவைத்தான் கேட்கும். அந்தச் சனிக்கிழமையே ஆட்டம் ஒன்று கிளம்பிவிட்டது. ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து, இடுப்பை ஒரு வெட்டு. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? "ஐடெல்லா." என் பெயரையே வைத்தார்கள். நான் கடைக்குப் போனால் பின்னால் ஒரு வரிசை ஆடிக்கொண்டு வரும்.

போதுமா?

சோளரொட்டியில் சர்க்கரை போட்டுக் கொடுக்காதே. மெம்பிஸ்காரர்கள் போடுவார்கள். நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை.

ஐடெல்லா ப்ரூவிட்


மெம்பிஸ்
மார்ச் 30, 1989

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவ சொல்றதெல்லாம் நெசம்" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அப்புறம் பேச ஆரம்பித்தார். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு. அக்காவுக்குப் பதினஞ்சு. வெள்ளக்காரங்க வீட்ல சமையலுக்குப் போயிடும். போறப்ப, 'உள்தாப்பா போட்டுக்க, யார் வந்து தட்டினாலும் தொறக்காத, நான் வந்தா உனக்கே தெரியும்'னு சொல்லிட்டுப் போகும். அந்தக் காலத்துல எங்க கறுப்பு ஜனங்க இருக்கற ரோட்டுல யார் வருவாங்க, எதுக்கு வருவாங்கன்னு சொல்ல முடியாதுடி. இருட்ட ஆரம்பிச்சா கதவுக்குப் பின்னாடி மூச்ச புடிச்சிட்டு ஒக்காந்திருப்பேன். வாசல்ல வாய்க்கா மேல பலகை போட்டிருக்கும். பலகைல ஒரு அடி விழும். அது யார் அடியா வேணா இருக்கலாம். அடுத்த அடி உடனே விழுந்துச்சுன்னா வேற யாரோ. விழாம, நின்னு, இழுத்துட்டு, அப்புறம் விழுந்துச்சுன்னா அக்கா. அந்த ரெண்டு அடிக்கு நடுவுல நான் தெனமும் செத்துப் பொழச்சேன்."

ஸ்டுடியோவில் அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று பொறுப்பாளர் மூன்று முறை நிறுத்தினாராம். "லெம், பின்னால இழுக்கிற. நேரத்துக்கு அடி." அப்பா சொன்ன பதிலை இப்போதும் சொல்லிச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்: "அவ இன்னும் வரலயேன்னு சொன்னேன்."

இப்போது என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. அப்பா எத்தனை ரெக்கார்டுகளில் அடித்தார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றிலும் பெயர் இல்லை. ஸ்டுடியோ மூடிய பிறகு டயர் கம்பெனியில் சுமை ஏற்றினார். கூட வேலை செய்தவர்களுக்கு அவர் டிரம்ஸ் அடிப்பவர் என்றே தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். அன்று அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பெயரைச் சொன்னார்.

வாருங்கள், அத்தை.

வெர்னிதா


பெல்மோர்
ஏப்ரல் 17, 1989

வெர்னிதா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இது தபாலில் போகிறதோ அடுப்பில் போகிறதோ தெரியாது.

அவன் கதவுக்குப் பின்னால் பயந்து உட்கார்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் வரும்போது கதவு திறந்திருக்கும், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். "பயந்தியாடா?" என்று கேட்டால் "இல்லியே" என்பான். அதை நினைத்து ஒரு நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் நீ அன்பு அன்பு என்று எழுதினால் ஆகிவிடுமா? ஒருத்தியை உயிராக நேசிக்கலாம், அதே வாயால் அவளை ஊர் சிரிக்கவும் வைக்கலாம். பயத்தை மட்டும் ரேடியோவில் சொல்லியிருந்தால் ஊர் அழுதிருக்கும். நொண்டி நொண்டி என்று சொல்லிச் சிரித்தான் அவன். "அக்கா, உன்னப் பத்திச் சொல்லவா?" என்று ஒரு வார்த்தை கேட்டானா?

இதை அவனுக்குப் படிக்காதே. உனக்கு மட்டும்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பருத்தி ஆலையில் ஹாஸ்கெல் என்று ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. ஞாயிறு ஆராதனை முடிந்து என்னோடு வீடு வரை நடந்து வருவார். என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வார். அதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் போகப்போகத் தெரியும். அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் கல்யாணத்தைப் பற்றிப் போதகரிடம் பேசுவதாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, மீன் வறுத்து விற்கிற இடத்தில் அந்த ரெக்கார்டைப் போட்டிருந்தார்கள். ஆளெல்லாம் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். வரிசையில் அவரும் இருந்தார். நன்றாகவே ஆடினார். பக்கத்திலிருந்து என் நடையைக் கவனித்தவர் அல்லவா, மற்றவர்களைவிட அவருக்கு அது அச்சு அசலாக வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். அவர் நல்ல மனிதர்தான்.

பேரிக்காய்ப் பாகு ஒரு ஜாடி அனுப்புகிறேன். அவனுக்குக் கொடுத்துத் தொலைக்காதே. நீ சாப்பிடு.

அத்தை


மெம்பிஸ்
மே 3, 1989

அத்தை,

அப்பாவுக்குப் படிக்காதே என்று நீங்கள் சொன்னதை நான் படித்துக் காட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அவரிடம் என்னால் எதையும் மறைக்க முடிவதில்லை. நான் கவரைப் பிரித்த வேகத்திலேயே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

ஹாஸ்கெலைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆட்டம் தெரியும், கேலி தெரியும். இது தெரியாது. இரண்டு நாள், எப்போதும் நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டே இருக்கும் கையை மடியில் போட்டு இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவள வரச்சொல்லி இனிமே எழுதாத. நான் கேட்டது தப்பு. எந்த மூஞ்சிய வெச்சிட்டுக் கூப்புடுவேன்?"

அதனால் இனி அழைக்க மாட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுவேன். கால் வீங்கியிருக்கிறது. சாப்பாடு குறைந்துவிட்டது. பாகு நன்றாக இருந்தது.

வெர்னிதா


பெல்மோர்
மே 22, 1989

வெர்னிதா,

மெம்பிஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வழி முழுக்கத் தன் மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தாள். அவள் இறங்கியதும்தான் அழ முடிந்தது.

நீ பள்ளிப் பஸ்ஸை ஓட்டிவிட்டு வருவதற்குள் நாங்கள் என்ன பேசினோம் என்று வாசலில் வைத்துக் கேட்டாய். அப்போது சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வரச்சொல்லாதே என்று அவன் சொன்னதால்தான் வந்தேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் மறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். என் குணம் அப்படி.

பக்கத்து வீட்டு லோரீன் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே நடந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாகிவிட்டானே வெர்னிதா, நீ எழுதவே இல்லையே. முகத்தைத் திருப்பாமலே, "யாரு, சபைலருந்தா? சாப்பாட்டுத் தட்ட மேச மேல வெச்சிருங்கம்மா. ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நடையை ஊர் ஊராக அடித்துக் காட்டியவனுக்கு அக்கா நடந்து வந்தது தெரியவில்லையா? அப்புறம்தான் உறைத்தது. என் காலில் இருந்தது கட்டை ஷூ. அந்த ஆட்டம் கிளம்பிய வருடமே ஜாக்சனுக்குப் போய் ஒரு பக்கம் மட்டும் உயரமாக அடி வைத்துச் செய்துகொண்டேன். இடுப்பு விண்விண்ணென்று வலிக்கும். ஆனால் காலடி எல்லாரையும் போல விழும். வெளியே எங்கே போனாலும் அதுதான். இத்தனை வருடத்தில் அது காலில் இருப்பதே மறந்துவிட்டது.

"லெம்" என்றேன்.

"அக்கா?" என்றான். "எப்ப வந்த? உன் காலடி கேக்கலியே. யாராச்சும் தூக்கிட்டு வந்தாங்களா?"

"என்னைய எவன்டா தூக்குவான், இந்த உடம்ப. நடந்துதான் வந்தேன். கட்ட ஷூ."

"எப்பலேருந்து?"

"அந்தப் பாட்டு வந்ததுலேருந்து."

அவன் அழுதான். சின்னப் பிள்ளையில் எப்படி வாயைத் திறந்துகொண்டு அழுவானோ அப்படியே. "உன் நடையவே இல்லாம ஆக்கிட்டேனேக்கா" என்றான்.

"ரொம்பப் பெருமப்பட்டுக்காத. ஷூ வாங்குனது நானு" என்றேன். அழுகையோடு அழுகையாகச் சிரித்தான். மூக்கைத் துடைத்துவிட்டேன்.

பிறகு ஏதோ தோன்றி, ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன். அந்தச் சின்னச் சத்தம்கூட அவன் காதுக்குத் தப்பவில்லை. "வேணாம்க்கா. எனக்காக அத கழட்டாத. அத நான் கேக்கக் கூடாது" என்றான். நாடாவை மறுபடி கட்டிக்கொண்டேன். நீ உள்ளே வந்தபோது நான் கெளுத்தி மீனில் முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மன்னிச்சிட்டியா என்று அவன் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று நானும் சொல்லவில்லை. மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன், உப்பு பத்தவில்லை என்றான்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறேன்.

அத்தை


மெம்பிஸ்
ஜூன் 16, 1989

அன்புள்ள அத்தை,

போனில் நாம் இரண்டு பேரும் அழுததில் முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன். அடக்கத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, கடிதம் வந்து சேர்ந்துவிடும்.

கடைசி நாட்களில் வலி இருந்ததாகத் தெரியவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் போன் வந்தபடி இருக்கிறது. எல்லாம் வயதான டிரம்ஸ்காரர்கள். ஒருவர், "உங்கப்பாகிட்டேர்ந்துதான் பொறுத்து அடிக்கக் கத்துக்கிட்டேன், அவருக்கு என் பேருகூடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் யாரென்றே தெரியாத ஒரு ஆளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

நீங்கள் சொன்னபடி பெல்மோருக்கே கொண்டுவருகிறேன். உங்கள் சபையில் ஆராதனை, பாட்டியின் பக்கத்தில் அடக்கம். அது அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார், என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்: "டிரம்ஸ் கூடாது. முன் வரிசையில அக்கா ஒக்காந்திருக்கும். எல்லாரும் என்னைய நெனச்சிட்டு அந்த அடியத்தான் அடிப்பாங்க. மறுபடியும் ஊர் அவ காலப் பாக்கும். வெறும் பாட்டு போதும்."

அதனால் உங்கள் சபையில் டிரம்ஸ் அடிக்கும் எர்லீனிடம் சொல்லிவிடுங்கள். அவர் வருத்தப்படுவார். வேறு வழியில்லை.

வெர்னிதா


பெல்மோர்
ஜூன் 19, 1989

கண்ணே வெர்னிதா,

சத்தியம் செய்தது நீ. நான் செய்யவில்லை. ஆகவே பாவம் என் கணக்கில் போகட்டும்.

டிரம்ஸ் இருக்கும். எர்லீனிடம் பேசிவிட்டேன். "மதர், அவர மாதிரி என்னால அடிக்க முடியாது" என்றாள், சபையில் மூத்தவள் என்று எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவன மாதிரி அடிக்க வேணாம்டி. அவன் எதக் கேட்டு அடிச்சானோ அதக் கேட்டு அடி" என்றேன்.

என் தம்பிக்கு அன்று வாய் தவறிவிட்டது, உண்மை. அதற்காக இத்தனை வருடம் அவனை என் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். அவன் உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்ட பிள்ளை. எனக்கு நெஞ்சு எரிகிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். போன மாதம் அந்த நாடாவை அவன் பேச்சைக் கேட்காமல் அவிழ்த்திருக்கலாம். அந்த அறையில் நாலு எட்டு நடந்து காட்டியிருக்கலாம். என்னவோ, அவன் தடுத்ததும் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நீங்களெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு நான் கடைசியாக வாசலிலிருந்து உள்ளே வருவேன். தனியாக. கையைப் பிடிக்க யாரும் வர வேண்டாம், போதகரும் வேண்டாம். எங்கள் சபையில் இன்னும் பலகைத் தரைதான். கட்டை ஷூவை வாசலிலேயே விட்டுவிடுவேன். எர்லீன் என் காலைப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஊர் பார்க்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்களும் என்னைப் போலக் கிழடாகிவிட்டார்கள்.

வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் நீளமான நடை. அந்தக் கால் இப்போது முன்பைவிட மெதுவாகத்தான் வரும். அடக்கம் செய்கிறவர்களுக்கு எப்போதும் அவசரம், மணியைப் பார்த்துக்கொண்டு மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நீ முன்னால் நின்று பார்த்துக்கொள். நான் வந்து சேரும்வரை பெட்டியை மூடக் கூடாது.

உன்
ஐடெல்லா அத்தை